வீட்டை இடிக்கும் முன் ரோஜாக் குச்சியை எடுத்துவிடுங்கள்

திருவையாறு வட்டத்து வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். பழைய ஓட்டு வீட்டின் கொல்லையில், கிணற்றடி ஓரமாக, அவருடைய மாமியார் நட்ட பன்னீர் ரோஜா நிற்கிறது. கல்யாணமாகி வந்தபோது பிறந்த வீட்டுக் கொல்லையிலிருந்து கொண்டுவந்து ஊன்றிய குச்சி அது. நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. தை பிறந்ததும் வீட்டை இடித்து மாடி வீடு கட்டப்போகிறார்கள். அஸ்திவாரம் சரியாகச் செடி நிற்கும் இடத்தில் வருகிறது. "செடிதானே, சந்தையில நாலு ஒட்டு ரோஜா வாங்கி வச்சுக்கலாம்" என்கிறார் கணவர். மாமியார் எதுவும் சொல்வதில்லை. சாயங்காலம் ஆனால் செடிப் பக்கம் போய் உட்கார்ந்துகொள்கிறார். கடந்த மூன்று வருடங்களில் வாங்கி வைத்த ஒட்டு ரோஜா மூன்றுமே மழைக்காலத்தைத் தாண்டவில்லை. பழைய செடியைக் காப்பாற்ற வழி உண்டா, ஒட்டுச் செடி ஏன் நிற்கவில்லை என்பவை அவருடைய கேள்விகள்.

காப்பாற்றலாம். தாய்ச் செடியைப் பெயர்த்து நடுவதைவிட, அதிலிருந்து குச்சி எடுத்து வேர் பிடிக்க வைப்பதுதான் நம்பகமான வழி. மழை ஓய்ந்து பனி விழும் மார்கழி அதற்கு ஏற்ற மாதம். ஆகவே வேலையை இப்போதே தொடங்கிவிட வேண்டும்.

அது என்ன ரோஜா?

அடர்ந்த இளஞ்சிவப்பு நிறம், கிளை நுனியில் இரண்டு மூன்றாகப் பூப்பது, நல்ல வாசனை, நெருங்கிய முள், ஆள் உயரத்துக்குக் கிளம்பும் தூர் என்று வாசகி விவரித்திருக்கிறார். தமிழ்நாட்டில் பன்னீர் ரோஜா என்று மாலைக்குப் பயிராகும் எட்வர்ட் ரோஜாவின் அடையாளங்கள் இவை. ஆந்திரா சிவப்பு ரோஜாவும் பட்டன் ரோஜாவும் உதிரிப்பூவுக்குப் பயிராகின்றன என்றாலும், வாசனையில் அவை இதற்கு ஈடாகாது.

எட்வர்ட் என்ற பெயரைக் கேட்டதும் இங்கிலாந்து ராஜாவின் நினைவு வரலாம். ஆனால் இதன் கதை இந்தியப் பெருங்கடலில் உள்ள ஒரு பிரெஞ்சுத் தீவில் தொடங்குகிறது. இன்று ரீயூனியன் எனப்படும் அந்தத் தீவுக்கு அப்போது பூர்போன் என்று பெயர். அங்கே நிலத்துக்கு வேலியாக இரண்டு வகை ரோஜாக்களை நட்டிருந்தார்கள். ஒன்று அடிக்கடி பூக்கும் சீன ரோஜா. மற்றொன்று வாசனைக்குப் பேர்போன டமாஸ்க் ரோஜா. இரண்டும் தாமாகக் கலந்து வேலியிலேயே முளைத்த செடி என்றுதான் இதன் வரலாறு சொல்லப்படுகிறது. 1817-இல் அந்தத் தீவுக்கு வந்த பிரெஞ்சுத் தாவரவியலாளர் பிரியோன் இதைக் கவனித்து பாரிசுக்கு விதை அனுப்பினார். ஐரோப்பாவில் அதன் வழி வந்தவை பூர்போன் ரோஜாக்கள் என்று பெயர் பெற்றன. பின்னாளில் புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்குத் தமிழர்கள் கப்பல் ஏறிப் போனதும் இதே தீவுக்குத்தான்.

இந்தப் பழங்கதையில் தோட்டக்காரருக்கு ஒரு பயன் இருக்கிறது. இது வேலியில் பிறந்த செடி. வேலிச் செடிக்கு யாரும் தினமும் உரம் வைப்பதில்லை, வாரம் ஒரு மருந்து அடிப்பதில்லை. டமாஸ்க் தாயின் வாசனையும் சீன ரோஜாவின் ஓயாத பூப்பும் இதில் சேர்ந்திருக்கின்றன. கன்னோஜ் பகுதியில் அத்தருக்குப் பெயர்பெற்ற டமாஸ்க் ரோஜா சமவெளியில் வருடத்தில் ஒரு பருவம் பூத்து ஓய்ந்துவிடும். எட்வர்ட் ரோஜா கவாத்துக்குக் கவாத்து துளிர்த்துப் பூக்கும்.

ஒட்டு ரோஜா ஏன் நிற்கவில்லை?

குறை வளர்த்தவர் கையில் இல்லை. மண்ணும் மழையும் சேர்ந்து செய்த வேலை அது. பழைய டெல்டாவின் மண் களி. தஞ்சாவூர்ப் பகுதியில் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய வடகிழக்குப் பருவத்தில் கொட்டிவிடுகிறது. நெல்லுக்கு அது வரம். ரோஜாவின் வேருக்கோ தண்ணீரைப் போலவே காற்றும் வேண்டும். வேரைச் சுற்றித் தண்ணீர் பல நாள் நின்றால் அது அழுகிவிடும்.

சந்தைச் செடி பெரும்பாலும் செம்மண் உருண்டையோடு பாலித்தீன் பையில் வருகிறது. களிமண்ணில் ஒரு அடிக் குழி தோண்டி அந்த உருண்டையை வைத்தால், அது ஓட்டையில்லாத தொட்டியில் வைத்தது போலத்தான். சுற்றுக் களி தண்ணீரை உள்வாங்காது. மழைத் தண்ணீர் முழுவதும் குழிக்குள் இறங்கி நின்றுவிடும். ஒட்டுக் கட்டிய இடமும் மண்ணுக்குள் புதைந்திருந்தால் அழுகல் இன்னும் சீக்கிரம் வரும்.

பல வீடுகளில் வரும் இன்னொரு குழப்பத்துக்கும் இங்கேயே விடை இருக்கிறது. சிவப்பு ரோஜா வாங்கி வைத்தோம், இப்போது வேறு பூ பூக்கிறது என்பார்கள். செடி மாறவில்லை. மேலே ஒட்டிய ரகம் செத்து, கீழே இருந்த வேர்ச்செடி துளிர்த்து வந்திருக்கிறது. எட்வர்ட் ரோஜாவையே வேர்ச்செடியாக வைத்து ஒட்டுக் கட்டுவதும் உண்டு. அப்படியானால் வருவது இளஞ்சிவப்புப் பன்னீர் ரோஜாவாகவே இருக்கலாம். சின்னச் சின்ன வெள்ளைப் பூக்கள் கொத்தாக வந்தால் அது வேறு வகை வேர்ச்செடி.

மாமியாரின் செடி குச்சியிலிருந்து சொந்த வேரில் வளர்ந்தது. மேலே எவ்வளவு காய்ந்தாலும், வெட்டுப்பட்டாலும், தூரிலிருந்து கிளம்புவது அதே ரோஜாதான். நாற்பது வருடம் நின்றதற்கு அது ஒரு காரணம். கிணற்றடி கொஞ்சம் மேடாக இருந்தது இன்னொரு காரணமாக இருக்கும்.

குச்சி வைக்கும் முறை

சமீபத்தில் பூத்து முடிந்த கிளைதான் குச்சிக்கு ஏற்றது. நுனித் தளிரும் வேண்டாம், கட்டைபோல் முற்றிய பழைய கிளையும் வேண்டாம். பென்சில் கனத்தில், பச்சையும் பழுப்பும் கலந்த பகுதியை ஒரு சாண் நீளத்துக்கு நறுக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் நான்கைந்து கணுக்கள் இருப்பது நல்லது. கீழ்வெட்டு ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழே வர வேண்டும். மேல்வெட்டு சாய்வாக இருந்தால் தண்ணீர் தங்காது. அடையாளமும் தெரியும், தலைகீழாக ஊன்றும் தவறு வராது. மேலே ஒன்றிரண்டு இலைகளை விட்டு மற்றவற்றைக் கிள்ளிவிட வேண்டும்.

இருபது குச்சி எடுத்தால் எல்லாமே பிழைக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. அதனால்தான் இருபதாக எடுப்பது. வெட்டிய குச்சியை வெயிலில் போடாமல் ஈரச் சாக்கில் சுற்றி, அன்றைக்கே ஊன்றிவிட வேண்டும். கற்றாழைச் சோற்றில் தொட்டு ஊன்றும் வழக்கம் உண்டு, செய்யலாம். அது இல்லாவிட்டாலும் பன்னீர் ரோஜா வேர் பிடிக்கும் இனம்தான்.

பையில் வெறும் களிமண் ஆகாது. பாதிக்குப் பாதி மணலும் செம்மண்ணும் கலந்து, ஒரு கைப்பிடி மக்கிய எரு சேர்த்தால் போதும். பச்சைச் சாணம் கூடவே கூடாது. பையின் அடியில் ஓட்டைகள் இருக்க வேண்டும். இரண்டு கணுக்கள் மண்ணுக்குள் போகும்படி ஊன்றி, சுற்றிலும் அழுத்தித் தண்ணீர் தெளிக்க வேண்டும். மாட்டுக்கொட்டகை ஓரம், மாமரத்து அடி போன்ற வெயில் நேரே படாத இடத்தில் வைக்கலாம். அடியை வெட்டிய தண்ணீர் பாட்டிலை ஒவ்வொன்றின் மேலும் கவிழ்த்து, மூடியை மட்டும் திறந்து வைத்தால் ஈரம் காக்கும். மண் ஈரமாக இருந்தால் போதும், சகதியாகக் கூடாது.

இரண்டு மூன்று வாரத்தில் துளிர் வரும். அதைப் பார்த்து வேர் வந்துவிட்டது என்று நம்பிவிடக் கூடாது. குச்சியில் இருக்கும் சத்திலேயே முதல் துளிர் வந்துவிடும். இழுத்துப் பார்ப்பதுதான் பல குச்சிகளைக் கொல்கிறது. ஆறு முதல் எட்டு வாரம் தொடாமல் விட வேண்டும். அடி ஓட்டையில் வெள்ளை வேர் தெரிந்த பிறகு, காலை வெயிலுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கலாம். வீட்டு வேலை முடியும்வரை பையிலேயே அல்லது கொஞ்சம் பெரிய தொட்டியில் வளரட்டும்.

இருபது பையையும் ஒரே இடத்தில் வைக்க வேண்டாம். கட்டட வேலை நடக்கும் இடத்தில் செங்கல் வண்டி ஏறும், ஆடு மேயும், தண்ணீர் ஊற்ற மறந்தும் போகும். பக்கத்து வீட்டில் ஐந்து, சொந்தக்காரர் வீட்டில் ஐந்து என்று பிரித்துக் கொடுத்துவிட்டால், ஒரு இடத்தில் போனாலும் இன்னொரு இடத்தில் இருக்கும்.

தாய்ச் செடியையும் பெயர்க்கலாம்

குச்சிகளை ஊன்றிய பிறகு, தாய்ச் செடியையும் ஒருமுறை முயன்று பார்க்கலாம். நாற்பது வருட வேரை முழுதாக எடுக்க முடியாது. அதனால் மேலேயும் குறைத்தாக வேண்டும். தூரிலிருந்து ஒன்றரை அடி விட்டு எல்லாக் கிளைகளையும் வெட்டிவிட்டு, மறுநாள் மாலை சுற்றிலும் ஒரு அடி தள்ளித் தோண்டி, மண்ணோடு ஈரச் சாக்கில் கட்டித் தூக்க வேண்டும். முன்பே தயாராக இருக்கும் மேட்டில் உடனே நட்டு, மூன்று வாரம் தென்னங்கீற்று நிழல் கொடுக்க வேண்டும். புதுத் துளிர் விரியும்வரை எந்த உரமும் வேண்டாம். பிழைத்தால் லாபம். பிழைக்காவிட்டாலும் பிள்ளைகள் பையில் இருக்கின்றன.

புது வீட்டில் எங்கே வைப்பது?

டெல்டா வீட்டில் ரோஜாவுக்கு முதல் விதி, குழியில் நடாமல் மேட்டில் நடுவது. தரையிலிருந்து ஒன்றரை அடி உயரம், மூன்று அடி அகலத்துக்கு மேடு போட வேண்டும். வயல் மண், செம்மண், மக்கிய தொழு எரு மூன்றும் சமபங்கு. கிடைத்தால் ஒரு கூடை கருக்கிய உமியும் கலக்கலாம். தண்ணீர் வடிய ஒரு பக்கம் வாய்க்கால் விட வேண்டும்.

காலையிலிருந்து ஆறு மணி நேரமாவது வெயில் படும் இடம் தேவை. தென்னை அடியில், மாமர நிழலில் பூக்காது. குளியலறைத் தண்ணீர் வடியும் இடத்திலும் வேண்டாம்; சோப்புத் தண்ணீர் மண்ணைக் கெடுக்கும். அரிசி, காய்கறி கழுவிய தண்ணீர் நல்லது.

புது வீட்டுக்காரர்கள் மறந்துவிடும் ஒன்று சிமெண்ட். கலவை குழைத்த இடம், பூச்சு உதிர்ந்த இடம் எல்லாம் சுண்ணாம்பேறிக் கிடக்கும். அங்கே ரோஜா நட்டால் நரம்பு பச்சையாக, இலை மஞ்சளாக வெளுக்கும். மேடு போடுமுன் ஒரு அடி ஆழத்துக்கு அந்த மண்ணை வெட்டி அப்புறப்படுத்த வேண்டும்.

வருடத்துக்கு எவ்வளவு வேலை?

வழக்கமாக மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடப்படும். டெல்டாவில் ரோஜாவுக்கும் அதையே நாட்காட்டியாக வைத்துக்கொள்ளலாம். அணை மூடுவதற்கு முன், அதாவது மார்கழி பாதியிலிருந்து தை பாதிக்குள், கவாத்து முடிந்துவிட வேண்டும். காய்ந்த கிளை, குறுக்கே போகும் கிளை, மிகப் பழைய தண்டு ஒன்றிரண்டைத் தூரோடு எடுத்து, மீதியில் மூன்றில் ஒரு பங்கு குறைத்தால் போதும். ஒட்டு ரோஜா போல மொட்டையடிக்கத் தேவையில்லை. நீண்ட கிளையை வெட்ட மனமில்லை என்றால், வளைத்து ஒரு முளையில் கட்டிவிடலாம். வளைந்த கிளையில் கணுவுக்குக் கணு துளிர்த்துப் பூக்கும்.

கவாத்து முடிந்ததும் தூருக்கு ஐந்து கிலோ மக்கிய எரு, ஒரு கைப்பிடி வேப்பம்பிண்ணாக்கு வைக்க வேண்டும். அணை திறக்கும் ஜூனில் இன்னொரு முறை. சித்திரை, வைகாசியில் வைக்கோல் மூடாக்கு போட்டு, வாரம் இரண்டு முறை நன்றாக நனைத்தால் வெயிலைத் தாங்கும். தண்டை ஒட்டி வைக்கோல் போட்டால் கறையான் வரும். ஒரு சாண் தள்ளிப் போட வேண்டும். மழை தொடங்கும்போது மூடாக்கை எடுத்துவிட வேண்டும்.

மழையில் இலையில் கரும்புள்ளி வந்து கொட்டும். உதிர்ந்த இலைகளைப் பொறுக்கி எரித்துவிட்டால் போதும். மழை ஓய்ந்ததும் தானாகத் துளிர்க்கும். கோடையில் இலையடியில் செம்பேன் வரும். இரண்டு நாளைக்கு ஒருமுறை காலையில் இலையடியைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினால் கட்டுப்படும். அடங்காவிட்டால் லிட்டருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெய், சில சொட்டு சோப்புக் கரைசல் கலந்து மாலையில் தெளிக்கலாம். கிளை நுனியிலிருந்து கருகி வந்தால், கருகலுக்குக் கீழே பச்சை தெரியும் இடத்தில் வெட்டிவிட வேண்டும். விட்டுவைத்தால் தூர்வரை இறங்கும்.

மருந்து படாத வீட்டுப் பூ என்பதால் இதழ்களைக் குல்கந்துக்கும் எடுக்கலாம். கழுவி நிழலில் ஈரம் போக்கிய இதழையும் பொடித்த கற்கண்டையும் கண்ணாடிப் பாட்டிலில் அடுக்கடுக்காகப் போட்டு, மூன்று வாரம் வெயிலில் வைத்து அவ்வப்போது கிளறினால் குல்கந்து. சர்க்கரை நோய் உள்ளவர்கள் தவிர்ப்பது நல்லது. கடையில் வாங்கிய மாலைப் பூவில் இதைச் செய்யக் கூடாது.

உப்புத் தண்ணீரில் ரோஜா வருமா?

வேதாரண்யம் பக்கத்து வாசகர் ஒருவருக்குப் பிரச்சினை வேறு. கோடையில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பாகிவிடுகிறது. முதிர்ந்த இலைகளின் ஓரம் தீய்ந்து, செடி குன்றிவிடுகிறது.

அது நோய் இல்லை, உப்பு. மருந்தால் தீராது. தண்ணீரை மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்து உப்பின் அளவைத் தெரிந்துகொள்வது நல்லது. நாக்கில் கரிக்கும் தண்ணீர் என்றால், தரையில் ரோஜா வைப்பது வீண். பெரிய தொட்டியில் ஒரே ஒரு பன்னீர் ரோஜாவை வைத்து, சேமித்த மழைத் தண்ணீரையோ குளத்துத் தண்ணீரையோ ஊற்றலாம். தொட்டியின் அடிவழியே வடியும்வரை ஊற்றினால்தான் தங்கிய உப்பு கழுவிப்போகும்.

வெள்ளத்தையே தாங்கும் ரோஜாவும் உலகில் உண்டு. வங்காளத்து ஆற்றோரச் சதுப்பில் தண்ணீர் நின்றாலும் வளரும் ஒரு காட்டு ரோஜா இருக்கிறது. கொடைக்கானலில் வெப்ப நாட்டுக்கான ரோஜாக்களை உருவாக்கிய வீரராகவன், கிரிஜா வீரராகவன் தம்பதி அதையும் கலப்புக்கு எடுத்துக்கொண்டார்கள். ஆனால் மழைத் தண்ணீரைத் தாங்குவது வேறு, உப்பைத் தாங்குவது வேறு.

வாசனைப் பூதான் வேண்டும் என்றால் கடலோர வீட்டுக்குப் பன்னீர் மரம் பொருத்தம். பெயர் ஒன்றுபோல இருந்தாலும் ரோஜாவுக்கும் இதற்கும் உறவில்லை. திருச்செந்தூரில் திருநீறு வைத்துக் கொடுப்பது இதன் இலையில்தான். இயல்பாகவே கடற்கரையில் வளரும் மரம் என்பதால் உப்புக் காற்றுக்கு அஞ்சாது. இரவில் மலரும் வெள்ளைப் பூக்கள் விடியும்போது தரையில் கிடக்கும்.

வேலி ரோஜாவில் வருமானம் உண்டா?

கஜா புயலில் தென்னையை இழந்த பட்டுக்கோட்டைப் பக்கத்து விவசாயி ஒருவர், காலியாகக் கிடக்கும் 10 சென்ட் செம்மண்ணில் பன்னீர் ரோஜா போடலாமா என்று கேட்டிருக்கிறார்.

வடிகால் உள்ள செம்மண் ரோஜாவுக்கு ஏற்றது. வரிசைக்கு வரிசை 2 மீட்டர், செடிக்குச் செடி 1 மீட்டர் என்றால் 10 சென்ட்டில் சுமார் 200 செடிகள் நிற்கும். ஆனால் கணக்கைச் செடியில் தொடங்காமல் ஆளில் தொடங்க வேண்டும். விடிவதற்குள் பறிக்க வேண்டும், முள்ளில் பறிக்க வேண்டும், தினமும் பறிக்க வேண்டும். வெயில் ஏறினால் இதழ் உதிரும். மாலைக்கு எடுக்க மாட்டார்கள். காலை ஏழு மணிக்குள் பூக்கடைக்கோ சந்தைக்கோ சேர்க்க வழி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, முதலில் வேலியோரம் 50 செடி மட்டும் குச்சியில் வளர்த்து நடலாம். ஒரு வருடம் பறித்து விற்றுப் பார்த்தால் மீதி நிலத்துக்கு என்ன செய்வது என்று தெரிந்துவிடும். குச்சி சொந்தச் செடியில் கிடைப்பதால் கன்றுச் செலவு இல்லை.

மறுபடி திருவையாற்றுக்கு

பன்னீர் ரோஜா ஒரே இடத்தில் நின்று நிலைத்த செடி இல்லை. ஒரு கொல்லையிலிருந்து இன்னொரு கொல்லைக்குக் குச்சியாகப் போய்த்தான் இத்தனை காலம் இருந்திருக்கிறது. மாமியார் கையில் வந்ததும் அப்படித்தான். அவருடைய பிறந்த வீட்டில் அந்தப் பழைய செடி இன்னும் இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கலாம். இல்லாவிட்டால் வேர் பிடித்த பையில் ஒன்று அங்கே திரும்பிப் போகட்டும்.

கத்தரிக்கோலைத் தீட்டி மாமியார் கையிலேயே கொடுத்துவிடலாம். எந்தக் கிளையை எடுப்பது என்று அவருக்குத் தெரியும். கொத்தனார் கயிறு பிடித்துக் குறி போடுவதற்குள் இருபது குச்சியும் நிழலுக்குப் போய்விட வேண்டும்.